நாலாவது சீர்

பிப்ரவரி 6

அன்புத் தம்பிக்கு,

நீயும் உன் வீட்டுக்காரியும் நலமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. அந்த வரியைத் தாண்டிப் போகிறேன்.

உன் அத்தானை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்தாயிற்று. போனில் விவரமாகச் சொல்ல முடியாததற்குக் காரணம் உண்டு. இருப்பது இரண்டு அறை. இங்கே பேசினால் அங்கே கேட்கும். அவர் காதுக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு மனுஷனைப் பற்றி அவர் காதுபடப் புலம்புவது அழகில்லை. அதனால்தான் கடிதம்.

வாதம் வந்த வலது கை இன்னும் தூங்குகிறது. கால் பரவாயில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். பேச்சுதான் போய்விட்டது. எதைக் கேட்டாலும் ஒரே சொல்தான் வருகிறது. "சாப்பிடறீங்களா?" "அதான்." "விளக்கை அணைக்கவா?" "அதான்." டாக்டர் பேர் கேட்டார், அதற்கும் "அதான்". முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சமையலறைக்குப் போய் அழுதேன். பேருந்து நிலையத்து மைக்கில் எத்தனை வண்டியைப் பேர் சொல்லி அனுப்பி வைத்த வாய் அது.

பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண் இருக்கிறாள். வயது குறைவு, கண்டிப்பு அதிகம். "அம்மா, பேச்சு போனாலும் சில பேருக்குத் தாளம் போகாது. மனப்பாடமா தெரிஞ்ச எதையாவது தட்டித் தட்டிச் சொல்ல வைங்க. முதல் சில மாசம்தான் முக்கியம். அசந்துடாதீங்க" என்றாள்.

சினிமாப் பாட்டுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். ஆனால் அவரே எழுதின கவிதை ஒன்று உண்டு. சாயங்காலம் வேலை முடிந்து வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தால் அதைச் சொல்லாமல் இருக்கமாட்டார். வருஷக்கணக்காக அதே ஆறு வரி. நான் வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு மெஷினில் தைத்துக்கொண்டிருப்பேன். பாதி காதில் விழும், பாதி மெஷின் சத்தத்தில் போய்விடும். அதனால் முழுசாக எனக்கே மனப்பாடம் இல்லை.

அவர் கையெழுத்தில் உள்ள தாளை இதோடு வைத்திருக்கிறேன். நீ தமிழ் வாத்தியார். எந்த இடத்தில் தட்ட வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும், எது எதோடு சேர்ந்து ஒலிக்கிறது, என்ன மனநிலையில் சொல்ல வேண்டும், எல்லாம் பிரித்து எழுதி அனுப்பு. பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல எழுது. இந்த மனுஷனைப் பேச வைக்காமல் நான் விடப்போவதில்லை.

உன் அக்கா

பிப்ரவரி 14

என் அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். உன் கடிதத்தைப் படித்த பிறகு சுகம் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. அத்தான் எழுத்தை முதல் தடவையாகப் பார்க்கிறேன். இத்தனை வருஷம் என்னிடம் காட்டாமல் இருந்திருக்கிறார் பார், கள்ள மனுஷர்.

பள்ளிக்கூடத்தில் இருந்து வந்த கையோடு உட்கார்ந்தேன். தெளிவாகப் பிரதி எடுத்திருக்கிறேன்:

வண்டி எல்லாம் போன பின்னே
தொண்டை கொஞ்சம் ஓய்ந்த பின்னே
கண்டு வந்த கூட்டம் எங்கே
உண்டோ பக்கம் யாரும் இன்று
கொண்டு வந்த பாரம் எல்லாம்
கீழே வைத்தேன் போதும் போதும்

ஒரு வரிக்கு நாலு துண்டு. அதைச் சீர் என்போம். வண்டி, எல்லாம், போன, பின்னே. ஒவ்வொன்றும் இரண்டே அசை, எல்லாமே தேமா. ஆள் நடக்கிற நடை இது, இடது வலது இடது வலது. சீருக்கு ஒரு தட்டு, வரிக்கு நாலு தட்டு. தாளம் போட இதைவிடச் சுலபமான பாட்டு கிடைக்காது.

வண்டி, தொண்டை, கண்டு, உண்டோ, கொண்டு என்று அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒத்து வருகிறது. அது எதுகை. அடுத்த வரி எப்படித் தொடங்கும் என்று நாக்குக்கு அதுவே எடுத்துக்கொடுக்கும். கடைசி வரியில் மட்டும் எதுகையைக் கைகழுவிவிட்டார். மோனையில் மனுஷர் அக்கறையே காட்டவில்லை. போகட்டும்.

ஒரே ஒரு இடம் உதைத்தது. நாலாவது வரி அவர் தாளில் "உண்டோ பக்கம் யாரும்" என்று மூன்று சீரோடு நின்றுவிடுகிறது. கடைசிக்கு முந்தின வரியில் குறைந்திருந்தால் ஆசிரியப்பா என்று விட்டிருப்பேன். இது அதற்கும் முந்தின வரி. அவசரத்தில் விட்டுப்போயிருக்கும். தட்டுகிறபோது கை தடுமாறக் கூடாது என்று "இன்று" என ஒரு சொல்லைப் போட்டு நிரவிவிட்டேன்.

மனநிலை கேட்டாய். எனக்குப் படுவது தனிமை. கூட்டம் எங்கே, பக்கத்தில் யாராவது உண்டா என்று கேட்கிறார், பதில் இல்லை. கடைசியில் "போதும் போதும்" என்று சலித்துப்போய் உட்கார்கிறார். ஆகவே மெதுவாக, தாழ்ந்த குரலில் சொல்ல வேண்டும்.

நான் லீவு போட்டுவிட்டு வரட்டுமா?

தம்பி

பிப்ரவரி 27

தம்பிக்கு,

கடிதம் வந்தது. சீருக்கு ஒரு தட்டு என்பது புரிந்தது. எதுகை புரிந்தது. ஆரம்பித்துவிட்டோம்.

சாயங்காலத் தையலை மூடி வைத்துவிட்டேன். துணி கொடுத்தவர்கள் காத்திருக்கட்டும். அவர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர் இடது கையைப் பிடித்து மேஜையில் தட்ட வைக்கிறேன். நான் சொல்கிறேன், அவர் உதட்டை அசைக்கிறார்.

நீ இப்போது வராதே. அவர் கூட வேலை பார்க்கிறவர்கள் பார்க்க வந்தபோது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பேச்சு வரட்டும், நானே கூப்பிடுகிறேன்.

வேறு எழுத ஒன்றும் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

மார்ச் 9

அக்காவுக்கு,

உன் கடிதம் இவ்வளவு சின்னதாக வந்ததே இல்லை. உன் வீட்டுத் தண்ணீர்க் குழாய் ஒழுகினாலே எனக்கு இரண்டு பக்கம் எழுதுகிறவள் நீ. நான் எழுதினதில் ஏதாவது தைத்ததா? வீட்டில் இவள் வேறு, "நோயாளி எழுதின கவிதைக்கும் மார்க் போட்டு அனுப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மூன்று எதுகைச் சொல்லை மட்டும் முதலில் பழக்கிப் பார். வண்டி, தொண்டை, கண்டு. வேர் பிடித்தால் மற்றது வரும். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதையும் எழுது.

தம்பி

மார்ச் 30

அன்புத் தம்பி,

உட்கார்ந்து படி. வந்துவிட்டது.

நீ சொன்னபடி வண்டி, தொண்டை, கண்டு என்று மூன்றை மட்டும் பிடித்துக்கொண்டு தட்டினோம். ஒரு நாள் நான் "வண்டி" என்று எடுத்துக்கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அவர் கை தட்டியது. "எல்லாம்" என்றார். நான் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. மறுபடி தட்டினேன். "போன பின்னே" என்று முடித்தார். பழைய மைக் குரல் இல்லை, கரகரப்புதான். இருந்தாலும் அது அவர் குரல். அடுத்த வாரத்துக்குள் மூன்று வரி. பயிற்சிப் பெண் இரண்டாம் வரியைக் கேட்டுவிட்டு, "தொண்டையைப் பத்தித் தொண்டையாலேயே சொல்றாரே" என்று சிரித்தாள். அவரும் சிரித்தார், பாதி வாயால்.

இனிமேல்தான் வில்லங்கம். நாலாவது வரியில் நிற்கிறார். "உண்டோ பக்கம் யாரும்" வரை சுத்தமாக வருகிறது. அதற்கு மேல் நகரவில்லை. கையைத் தூக்கினபடி என் முகத்தையே பார்க்கிறார். "இன்று" என்று நான் எடுத்துக்கொடுத்தால் தலையை ஆட்டி "அதான், அதான்" என்று மேஜையில் அடிக்கிறார். மூன்று எழுத்துச் சொல், தம்பி. "பின்னே" சொல்லத் தெரிந்தவருக்கு "இன்று" சொல்லத் தெரியாதா?

"அந்த வரியை விட்டுட்டு அடுத்ததுக்குப் போங்கம்மா" என்கிறாள் அந்தப் பெண். நான் மாட்டேன் என்றேன். இன்றைக்கு ஒரு வரியை விட்டால் நாளைக்கு எதையெல்லாம் விட வேண்டியிருக்கும்? அவர் விடாக்கண்டர் என்றால் நான் கொடாக்கண்டி.

வேளைக்குத்தான் சாப்பிடுகிறேன்.

அக்கா

ஏப்ரல் 7

அக்காவுக்கு,

கடிதத்தை இவளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "எல்லாம்" என்ற இடத்தில் என்னால் தொடர முடியவில்லை, இவள்தான் வாங்கிப் படித்தாள்.

"இன்று" நாக்கில் ஏறவில்லையென்றால் மாற்றிவிடலாம், அதிலென்ன. "இங்கே" போடு. "என்றும்" போடு. "அன்றோ" கூடப் பொருந்தும். எல்லாம் தேமாதான், தாளம் கெடாது. ஒவ்வொன்றாகப் பழக்கிப் பார்.

வெயில் ஏறிவிட்டது. இருவரும் தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

தம்பி

மே 11

தம்பிக்கு,

பதில் போட நாளாகிவிட்டது. நல்ல சேதி இருந்தால் ஓடி வந்து எழுதியிருப்பேன்.

இங்கே, என்றும், அன்றோ, எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தோம். அவர் நின்றது நின்றதுதான். ஒரு நாள் நான் குரலை உயர்த்திவிட்டேன். "ஒரே ஒரு வார்த்தைங்க, சொல்லித் தொலைங்களேன்" என்றேன். அவர் நீ பிரதி எடுத்து அனுப்பின தாளை எடுத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து படுக்கைக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து தட்ட வருவதில்லை. வந்த மூன்று வரியும் சொல்வதில்லை. மறுபடியும் எல்லாவற்றுக்கும் "அதான்". பயிற்சிப் பெண்ணின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். மாசங்கள் போகின்றன என்று அவள் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை.

நீ கேட்டதற்கு அப்போது பதில் எழுதாமல் விட்டேன். இப்போது எழுதுகிறேன். ஆமாம், தைத்தது. தனிமை என்று எழுதினாயே, அதுதான். கல்யாணமான நாளிலிருந்து ஒரு சாயங்காலம்கூட அவரை விட்டு நான் எங்கேயும் போய் உட்கார்ந்ததில்லை. அதே அறை, அதே ஜன்னல், கைக்கு எட்டுகிற தூரத்தில் நான். பக்கத்தில் யாராவது உண்டா என்று அந்த மனுஷன் தினமும் என்னை வைத்துக்கொண்டே கேட்டாரா? நான் என்ன மெஷினோடு சேர்ந்த இன்னொரு மெஷினா? அவரிடமே கேட்கலாம் என்றால் "அதான்" என்பார். அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். தனிமையோ, சலிப்போ, என் மேல் கோபமோ, எதுவானாலும் அதை அவர் வாயாலேயே சொல்லிக் கேட்காமல் நான் ஓயமாட்டேன். அவர் கையெழுத்துத் தாளைத் திருப்பி அனுப்பு. நீ எழுதினதை வைத்துத் தட்டினது போதும். முதலிலிருந்து அவருடையதை வைத்துத் தொடங்குகிறேன்.

அக்கா

மே 18

என் அக்காவுக்கு,

தாள் இதோடு வருகிறது. மடிப்புக் கிழிந்துவிடாமல் அட்டைக்குள் வைத்திருக்கிறேன்.

திட்டினது நல்லது. நேற்று விடுமுறைச் சிறப்பு வகுப்பில் பாவகை நடத்தினேன். நடுவில் அடி குறைந்து வருகிற பாவும் நம்மிடம் உண்டு என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே எனக்குச் சுருக்கென்றது. ஊருக்கெல்லாம் அதைச் சொல்லிக் கொடுக்கிறவன், அத்தான் எழுதினால் மட்டும் மறதி என்று முடிவுகட்டிவிட்டேன். மற்ற எல்லா வரியையும் பிசகாமல் நாலு சீரில் நிறுத்தினவர் ஒரே ஒரு வரியில் கணக்குத் தப்புவாரா? வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறார். எதற்காக என்றுதான் எனக்குப் பிடிபடவில்லை.

தனிமை என்று எழுதியதும் தாளைப் பார்த்து எழுதியதுதான். நான் கண்ணால் அளந்தவன். அந்தப் பாட்டைக் காதால் கேட்டவள் உலகத்திலேயே நீ ஒருத்திதான், அக்கா. அதனால் நீ சொல். நாலாவது வரி முடிந்ததும் அவர் உடனே ஐந்தாவதுக்குப் போவாரா, இல்லை கொஞ்சம் நிற்பாரா? நின்றால் என்ன செய்வார்? அந்த நேரத்தில் நீ என்ன செய்துகொண்டிருப்பாய்? நினைவுக்கு வரவில்லையென்றால், முன்பு எப்படி உட்கார்வீர்களோ அப்படியே உட்கார்ந்து பார். எதிரே வேண்டாம். பயிற்சி என்றும் சொல்ல வேண்டாம்.

நீ மெஷின் இல்லை. இதை நான் எழுத வேண்டியிருக்கிறதே என்று எனக்கு வலிக்கிறது.

தம்பி

மே 29

அன்புத் தம்பி,

நாங்கள் நலம். இந்த வரியை முழுசாக எழுதுகிறேன் பார்த்துக்கொள்.

உன் கேள்வியைப் படித்துவிட்டு யோசித்து யோசித்துப் பார்த்தேன். அவர் நின்றாரா, ஓடினாரா, ஒன்றும் நினைவில்லை. சரி, வாத்தியார் சொன்னபடியே செய்துவிடுவோம் என்று ஜன்னலோரம் அவர் நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டேன். தாளை அவர் மடியில் வைத்தேன். பயிற்சி என்ற பேச்சையே எடுக்கவில்லை. மெஷினைத் திறந்து உட்கார்ந்தேன். மேல்வீட்டுக்காரர்களின் திரைச்சீலை எத்தனை நாளாகத் தூங்குகிறது, அதை எடுத்தேன். ஓரம் மடித்துக் குண்டூசி குத்த ஆரம்பித்தால் எனக்கு உலகம் மறந்துவிடும், உனக்குத்தான் தெரியுமே. உண்மையாகவே மறந்துவிட்டேன்.

பின்னால் தட்டுகிற சத்தம் கேட்டது. ஜன்னல் கட்டையில் இடது கை. "வண்டி எல்லாம் போன பின்னே" என்றார். நான் திரும்பவில்லை. திரும்பினால் எங்கே நின்றுவிடுமோ என்று பயம். மடிப்பைப் பிடித்தது பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். தொண்டை வந்தது. கூட்டம் வந்தது. "உண்டோ பக்கம் யாரும்."

நின்றார்.

என் வாய் நிறைய குண்டூசி, தம்பி. கவ்விக்கொண்டிருக்கும்போது பேச முடியாது. யார் என்ன கேட்டாலும் ஒன்றுதான் வரும். நான் யோசிக்கவே இல்லை, பழக்கம் தானாக வந்துவிட்டது. "ம்" என்றேன்.

கை ஒரு தட்டுத் தட்டியது. "கொண்டு வந்த பாரம் எல்லாம் கீழே வைத்தேன் போதும் போதும்" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

ஊசியையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டேன். பிறகு எழுந்து போய் அவர் முன்னால் நின்று கேட்டேன், "இதுக்குத்தான் இத்தனை நாள் என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்களா?" என்று. "அதான்" என்றார். அந்த ஒரு தடவை அந்தச் சொல் சரியான இடத்தில் வந்து விழுந்தது.

இத்தனை வருஷமும் அந்த இடத்தில் "ம்" சொல்லியிருக்கிறேன். எனக்கே தெரியாது. அவர் அதற்கு இடம் விட்டுத்தான் எழுதியிருக்கிறார். நான் போய் எதிரே உட்கார்ந்துகொண்டு, கண்டிப்பான டீச்சர் மாதிரி "இன்று, இன்று" என்று அவரைச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். அது அவர் சொல்ல வேண்டிய இடமே இல்லை. அவர் எப்படிச் சொல்வார்?

தனிமை இல்லைடா. கேட்கிறார், பதில் கிடைக்கிறது, பாரத்தை இறக்கி வைக்கிறார். போதும் என்றால் சலிப்பில்லை. வீட்டுக்கு வந்தவன் செருப்பைக் கழற்றும்போது சொல்கிற போதும்.

உன் அக்கா

ஜூன் 6

என் அக்காவுக்கு,

இங்கே சுகம், அதைவிட மேல். திருத்திய விடை கீழே.

அடிக்கு நாலு சீர், நாலாவது அடிக்கும் நாலு சீர்தான். அதில் மூன்று அத்தானுடையது, ஒன்று உன்னுடையது. எழுதிக் காட்ட முடியாது, கேட்கத்தான் முடியும். தாளில் வைத்து அளக்கிறவனுக்கு அது குறையாகத்தான் தெரியும். எதுகை முன்பு சொன்னபடி. மனநிலை, நீ சொன்னதுதான். என் விடையை அடித்துவிட்டு உன்னுடையதை எழுதிக்கொண்டேன்.

இவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்க பாடம் நடத்தும்போது நான் எத்தனை தடவை ம் சொல்லியிருப்பேன், அதை எந்தச் சீர்ல வெச்சீங்க?" என்கிறாள். என்ன பதில் சொல்வது, நீயே சொல்லிக் கொடு.

இப்போதாவது வரட்டுமா?

தம்பி

ஜூன் 19

அன்புத் தம்பிக்கு,

வா. இரண்டு பேரும் வாருங்கள். நீ வருவதாகச் சொன்னேன், சுவர்ப்பக்கம் திரும்பவில்லை.

பயிற்சிப் பெண் புதுசாக ஒன்று செய்கிறாள். அதே தாளத்தில் சொல்லை மட்டும் மாற்றுகிறாள். "கஞ்சி கொஞ்சம் ஊற்றித் தாங்க" என்று நேற்று தட்டிக் கேட்டார். நீ வந்து சீர் பிரித்துப் பார்த்துக்கொள், எனக்கு நாலு தட்டு விழுந்தது, அது போதும். பழைய வேலைக்குப் போவாரா என்று கேட்காதே. அதை நானும் அவளிடம் கேட்கவில்லை. நடக்கிற வரைக்கும் நடத்துவேன்.

இன்னொன்று சொல்லி முடிக்கிறேன். நேற்றுச் சாயங்காலம் அவர் கவிதை சொல்லி முடித்த பிறகு நான் மெஷினை நிறுத்திவிட்டேன். ஊசியை வாயிலிருந்து எடுத்து வைத்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருந்தது, சமையலறையில் அழுதது, நீ தனிமை என்று எழுதினதைப் படித்துவிட்டு அவர் முகத்தையே பார்க்க முடியாமல் இருந்தது, குரலை உயர்த்தினது, எல்லாவற்றையும் சொன்னேன். இத்தனை மாசமும் அவர் காதில் விழக் கூடாது என்று உனக்கு எழுதி அனுப்பினதையெல்லாம் அவரிடமே சொன்னேன். இருட்டினது கூடத் தெரியவில்லை, விளக்குப் போடவில்லை.

நான் மூச்சு வாங்க நிறுத்தின இடத்திலெல்லாம் அவர் "ம்" என்றார். ஒரு தடவைகூட "அதான்" என்று சொல்லவில்லை.

உன் அக்கா